ஆழ உழுதால் இறுகிய மண் இளகுமா?

கேள்வி, 2021 மே 3

"செம்மண், ரெண்டு ஏக்கர். பத்து வருஷமா ரோட்டவேட்டர்தான் ஓட்டறேன். மேல மண்ணு மாவு மாதிரி இருக்கு, ஆனா மழை பேஞ்சா ரெண்டு நாள் தண்ணி நிக்குது. கடலை பிடுங்கினா செடி மட்டும் கையோட வருது, காய் உள்ளயே நின்னுடுது. 'அகல உழுவதை ஆழ உழு'ன்னு பெரியவங்க சொன்னத விட்டதுதான் காரணம்னு நினைக்கிறேன். உளிக்கலப்பை போட்டா சரியாயிடுமா?"

2021 மே 3, இரவு

உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறிவிடும் கலப்பை) இருக்கட்டும், அதற்கு முன்னால் மண்வெட்டியை எடுங்கள். வயலின் நடுவில் ஒரு குழி, இரண்டடி ஆழம். ஒரு பக்கச் சுவரை மட்டும் செங்குத்தாகச் சீவி வைத்துக்கொண்டு, சமையலறைக் கத்தியால் மேலிருந்து கீழே ஒவ்வொரு அங்குலமாகக் குத்திப் பாருங்கள்.

எனக்கு ஒரத்தநாடு பக்கம், உங்கள் மண் போலவே செம்மண். நான் வெட்டிய குழியில் மேலே நான்கு அங்குலம் கத்தி தானாக இறங்கியது. ஐந்தாவது அங்குலத்தில் நின்றுவிட்டது. பிடியை உள்ளங்கையால் அடித்தால்தான் போனது. ஒன்பதாவது அங்குலத்துக்குக் கீழே மறுபடி இளக்கம். அப்படியானால் கீழே முழுதும் கல் என்பது இல்லை. நடுவில் நான்கைந்து அங்குலத்துக்கு இறுகிய ஒரு தட்டுதான். அந்தத் தட்டின் மேல் கடலையின் ஆணிவேர் வந்து நின்று, எழுத்தாணியை வளைத்தது போலப் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

ரோட்டவேட்டர் கத்தி வளைந்த கத்தி. மேல் மண்ணைச் சுற்றிச் சுற்றிச் சீவி மாவாக்கும்போது, அதன் அடிப்பாகம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஆழத்தில் மண்ணைத் தேய்த்து மெழுகுகிறது. அதற்கு மேல் இரண்டு டன் டிராக்டரின் சக்கரம். மண் ஈரமாக இருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து கொத்தனார் கரண்டியால் தரை பூசுகிற வேலையைச் செய்துவிடுகின்றன. பத்து வருஷம், வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2021 மே 4

நேற்று ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். குழி வெட்டுவது நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து. கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது வெட்டினால் செம்மண் எல்லா ஆழத்திலும் கல்லாகத்தான் இருக்கும், எது தட்டு எது வெறும் காய்ச்சல் என்று பிரித்துப் பார்க்க முடியாது. குழி வெட்ட நேரமில்லாதவர்கள் சுண்டுவிரல் கனத்தில் ஒரு இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் நிதானமாக அழுத்துங்கள். தட்டு வந்ததும் கம்பி மறுக்கும், அதைத் தாண்டியதும் பொசுக்கென்று இறங்கும். வயலில் பத்து இடத்தில் குத்தினால் போதும், கை கற்றுக்கொள்ளும்.

2021 மே 9

'அகல உழுவதை ஆழ உழு' என்ற பழமொழியைப் பற்றி இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள்.

என் தாத்தாவின் மரக்கலப்பை மாட்டுக் கொட்டகையில் இன்னும் இருக்கிறது. கொழுவின் முனையிலிருந்து அளந்தால், எப்படி அழுத்தினாலும் ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருக்காது. அவர்கள் "ஆழ" என்று சொன்னது அந்த அளவுக்குள். இருக்கிற ஒரு ஜோடி மாட்டை வைத்துக்கொண்டு பத்து மா (மா என்பது ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தைக் கீறிவிட்டுப் போவதற்குப் பதில் ஐந்து மா நிலத்தை ஒழுங்காக உழு என்பதே அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றரை அடிக்குக் கிழிக்கச் சொன்னதாக அதை இழுக்க முடியாது.

நாட்டுக் கலப்பையில் இன்னொரு சங்கதி. சால், அதாவது கலப்பை கீறிய பள்ளம், ஆங்கில எழுத்து 'வி' போல விழும். இரண்டு சாலுக்கு நடுவில் உழாத மண் ஒரு முகடாக நிற்கும். அதனால்தான் குறுக்கே இன்னொரு உழவு. அடியில் ஒரே மட்டமான தரை உருவாவதில்லை. மாட்டின் குளம்பும் மிதிக்கும், மறுக்கவில்லை, ஆனால் அது அங்கங்கே விழுகிற மிதி. சக்கரம் முழு நீளத்துக்கும் தொடர்ந்து ஓடுகிறது.

குறளையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு பலம் (பலம் பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருகூட இல்லாமல் விளையும் என்கிறது உழவு அதிகாரம். அங்கே பேச்சு ஆழத்தைப் பற்றியே இல்லை, உழுத மண்ணைக் காயவிடுவதைப் பற்றி. அடுத்த குறளே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று தொடங்குகிறது.

2021 மே 22

என் நிலத்தின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சை மேலே கொண்டுபோக முடியாது.

இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா வைத்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று எங்கள் பக்கம் முழுக்கத் தென்னை சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோப்பில் 140 மரத்தில் நின்றது 19. விடிந்ததும் அப்பா மரங்களைப் பார்க்கவில்லை, வேர்களைப் பார்த்தார். சாய்ந்த மரங்களின் அடியில் வேர் ஒரு தாம்பாளம் போலத் தட்டையாக நின்றது. அடிப்பக்கம் வழித்து எடுத்தது போல் மட்டமாக இருந்தது. வாய்க்கால் கரையை ஒட்டி உழவே படாத இடத்தில் இருந்த வரிசையில் பெரும்பாலான மரங்கள் நின்றன. காற்று அடித்த வேகத்துக்கு எந்த மரமும் சாயலாம், தட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் அந்தத் தட்டையான அடிவேரை மறக்க முடியவில்லை. தோப்புக்குள் களை போக இருபது வருஷம் டிராக்டர் ஓட்டியது நாங்கள்தான்.

பிறகு மரங்களை அப்புறப்படுத்த ஜேசிபியும் லாரியும் வந்தன. வடகிழக்குப் பருவமழை நேரம், மண் சொதசொதவென்று இருந்தது. காத்திருக்க யாருக்கும் மனம் இல்லை. விழுந்து கிடக்கிற மரங்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அந்த வேதனை பட்டவர்களுக்குத்தான் தெரியும். லாரி போன தடம் முழங்கால் ஆழம். அதை அப்படியே மண் தள்ளி மூடி, ரோட்டவேட்டர் போட்டு, அடுத்த வருஷம் மார்கழிப் பட்டத்தில் கடலை போட்டேன். முளைத்து ஒரு மாதத்தில் வயலில் லாரித் தடம் வரைபடம் போலத் தெரிந்தது. தடத்தின் மேல் இருந்த செடிகள் மட்டும் ஒரு சாண் உயரத்தில் மஞ்சளாக நின்றன. 45-ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது அந்த வரிசையில் களைக்கொத்து எகிறியது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற விழுதுக்கு இடமே இல்லை.

2021 மே 23

செலவில்லாத ஒரு சோதனை. இரண்டு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். வரப்பில் வேப்பமரத்தடியில் ஒரு நெல்லிக்காய் அளவு மண்கட்டி, வயலில் அதே அளவு ஒரு கட்டி. இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் மெதுவாகப் போடுங்கள்.

என் வயல் கட்டி போட்ட உடனே புஸ்ஸென்று குமிழி விட்டது, ஓரம் சரிந்தது, ஒரு நிமிஷத்துக்குள் டம்ளரின் அடியில் சேறு. தண்ணீர் செம்பழுப்பானது. வேப்பமரத்தடிக் கட்டி குமிழி விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் எடுத்தேன், விரலுக்கு நடுவில் இன்னும் கட்டியாகத்தான் இருந்தது. உடைத்தபோது உள்ளே முடியைவிட மெல்லிய வேர்கள் நூல் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடியிருந்தன. மண்துகளைச் சேர்த்துப் பிடிப்பது அந்த வேரும், பூஞ்சை இழையும், மண்புழுவும் நுண்ணுயிரும் விடுகிற பசையும்தான். ஒவ்வொரு உழவும் இழையை அறுக்கிறது, உள்ளே காற்றை விடுகிறது, மண்ணில் இருக்கிற மக்கிய சத்து வேகமாகக் கரைந்து போகிறது.

நண்பர் கேட்ட "மேல மாவு, ஆனா தண்ணி நிக்குது" என்பதற்குப் பாதி விடை இந்த டம்ளரில் இருக்கிறது. தட்டு வரை போகும் முன்பே, முதல் மழைத்துளி அடித்ததும் மாவு கரைந்து மேலேயே ஒரு ஆடை பிடித்துவிடுகிறது.

2021 ஜூன் 15

உளிக்கலப்பை போட்டுவிட்டேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: அரை மீட்டர் இடைவெளியில், அரை மீட்டர் ஆழத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் அல்லது மக்கவைத்த தென்னை நார்க்கழிவு. ஏக்கருக்கு ஐந்து டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடை மழை விழுந்திருந்ததால் கலப்பை வெண்ணெயில் கத்தி போலப் போனது. டீசலும் குறைவு. மழைக்குப் பிறகு போடுவது நல்லது என்றே சொல்வேன்.

(2022 ஏப்ரல் குறிப்பைப் படிக்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்.)

2021 டிசம்பர் 2

நவம்பர் முழுக்க விடாத மழை. வயலைப் போய்ப் பார்த்தேன். உளி போன கோட்டில் தண்ணீர் இல்லை, இரண்டு கோட்டுக்கு நடுவில் குளம். பாய் பின்னியது போல ஒரு கோலம். பாதி வெற்றி என்று நினைத்தேன்.

2022 ஏப்ரல் 17

ஜூனில் எழுதியது தவறு. நேற்று கடலை பிடுங்கி முடித்ததும் மூன்று குழி வெட்டினேன். உளி போன இடம் ஒரு விரல் அகலக் கீறலாக மட்டும் தெரிகிறது, அதிலும் பாதி மூடிவிட்டது. சுவர் இரண்டும் வழுவழு என்று மின்னுகின்றன. தட்டு அப்படியே இருக்கிறது, அதில் சந்து விட்டதுதான் மிச்சம். வேர்கள் அந்தச் சந்தில் மட்டும் ஜடை போலக் கீழே இறங்கியிருக்கின்றன.

உளிக்கலப்பை தட்டை நொறுக்க வேண்டும். அதற்குத் தட்டு இருக்கிற ஆழத்தில் மண் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த மண் கண்ணாடி போல வெடித்து இரண்டு பக்கமும் விரிசல் ஓடும். ஈர மண் வழிவிட்டு மூடிக்கொள்ளும். வெண்ணெய் போலப் போனதே என்று நான் மகிழ்ந்த அந்த நாளிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதை நம்பி யாராவது ஈரத்தில் ஓட்டியிருந்தால் மன்னிக்கவும்.

2022 ஏப்ரல் 18

பதம் பார்க்கும் முறை. மேல் மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உழப் போகிற ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள். இரு உள்ளங்கைக்கும் நடுவில் முறுக்குக்கு உருட்டுவது போல உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள். திரியாகாமல் உதிர்ந்தால் சாதாரண உழவுக்குப் பதம். உளிக்கு அதைவிடக் காய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று ஒரு கட்டியைக் காலால் மிதிப்பார். நசுங்கினால் "நாளைக்கு" என்பார், பொடிந்தால் "பூட்டு" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

2022 ஜூன் 1

மே மாதக் கத்திரி வெயிலில் மறுபடி போட்டேன். கலப்பை திணறியது, டீசல் எக்கச்சக்கம், கட்டி கட்டியாகப் பெயர்ந்து வயல் கரடுமுரடாகக் கிடக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் குழி வெட்டினால் தட்டில் விரிசல் கிளை கிளையாக ஓடுகிறது. பெயர்ந்த கட்டியை மாவாக்க ரோட்டவேட்டர் கேட்டு கை பரபரக்கும், கூடாது. முதல் மழைக்குச் சணப்பு (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்து, இடையில் ஆறடிக்கு ஒரு வரிசை துவரை. இரும்பு திறந்த விரிசலை வேர் பிடித்து வைக்காவிட்டால் அடுத்த மழையில் மண் மறுபடி அமர்ந்துவிடும் என்று இப்போது நம்புகிறேன். துவரையின் ஆணிவேர் தட்டைத் துளைக்கும். அறுத்த பிறகு வேரைப் பிடுங்காமல் விட்டால் அது மக்கிய வழி அப்படியே குழாயாக நிற்கும்.

2022 ஜூலை 10

கோவில்பட்டி அண்ணன் சண்டைக்கு வந்திருக்கிறார். "எங்க கரிசலுக்கு உங்க உளியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் தம்பி, அது தன்னைத்தானே உழுதுக்கும்" என்கிறார். அவர் சொல்வது சரி. கரிசல் களி ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழைகிற அளவு வெடிப்பு விடும், மேல் மண் அதற்குள் உதிர்ந்து விழும், மழை வந்தால் உள்ளே விழுந்ததும் ஊதிப் புரட்டும். சில கோடைகள் நல்ல வெயில் கிடைத்தால் தட்டை அதுவே உடைத்துக்கொள்ளும். செம்மண்ணின் களிக்கு அந்த ஊதல் மிகக் குறைவு. அதனால் எங்கள் பக்கம் ஒருமுறை இறுகியது இறுகியதுதான், யாராவது ஏதாவது செய்யாதவரை. முதல் குறிப்பிலேயே எந்த மண்ணுக்குப் பேசுகிறேன் என்று இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கரிசலிலும் ஈரத்தில் டிராக்டர் இறக்கினால் உண்டாகும் கெடுதல் வேறு மாதிரி. அதை அண்ணனே எழுதட்டும்.

2022 ஜூலை 12

மன்னார்குடியிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்: "நெல்லு வயல்ல தட்டு வேணும்னுதானே அண்ணா சேறடிக்கிறோம், அதையும் உடைக்கச் சொல்றீங்களா?"

இல்லை, தொடாதீர்கள். சேற்றுழவு என்பதே மண்கட்டு எல்லாவற்றையும் வேண்டுமென்றே கரைத்து, களியை அடியில் படியவைத்து, தண்ணீர் கீழே இறங்காமல் பிடிப்பதற்கான வேலை. நெல்லுக்கு அந்தத் தட்டு தொட்டியின் அடித்தளம். கஷ்டம் நெல்லுக்குப் பின்னால் வருகிற பயிருக்கு. எங்கள் கல்லணைக் கால்வாய்ப் பகுதி 1934-க்குப் பிறகு பாசனத்துக்கு வந்த மேட்டுச் செம்மண். ஒரே வயலில் சம்பாவுக்குச் சேறடித்து, சேறு காய்ந்து இறுகிய மண்ணை உடைத்து மார்கழியில் கடலை போடுகிறார்கள். இரண்டு பயிருக்கும் மண் நேரெதிராக இருக்க வேண்டும். ஒரே வயலால் இரண்டுமாக இருக்க முடியாது.

பழைய டெல்டாக்காரர்கள் இதற்கு விடை கண்டுவைத்திருக்கிறார்கள், அவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. தை மாதம் சம்பா அறுப்புக்கு ஏழு பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே, மண் மெழுகு போல ஈரப்பதமாக இருக்கும்போது உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். உழவே கிடையாது. நெல் தாளும் அதன் வேரும் அப்படியே இருக்க, மிச்ச ஈரத்திலேயே உளுந்து விளைந்து வீட்டுக்கு வந்துவிடும். உழாமல் பயிர் செய்வது வெளிநாட்டுப் புதுமை என்று பேசுபவர்கள் மாசி மாதம் திருவாரூர்ப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். இப்போது அதைக் கெடுப்பது ஈர வயலில் இறங்குகிற அறுவடை இயந்திரம். முளைத்த உளுந்து சக்கரத் தடத்தில் நசுங்குகிறது, மீதி இடத்தில் வேர் இறங்குவதில்லை. டயர் வண்டியைவிட செயின் வண்டி தேவலை. அதைவிடத் தேவலை, பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துக் காயவிடுவது.

2022 ஜூலை 13

அதே தங்கை: சில வயலில் தட்டே இல்லை, டிராக்டர் புதைகிறது. அதுவும் சேறடியின் விளைவுதான். இடைவெளியில்லாமல் நெல்லுக்கு மேல் நெல் என்று அடித்தால் சில மண் இறுகுவதற்குப் பதில் பொதபொதவென்று ஆகிவிடும், நாற்றுக்குப் பிடிமானம் இருக்காது. அதற்குப் பல்கலைக்கழகம் சொல்வது 400 கிலோ கல் உருளையைச் சரியான ஈரத்தில் எட்டு முறை உருட்டுவது. ஆம், அங்கே மண்ணை இறுக்கத்தான் வேண்டும். மண்ணுக்கு மண் மருந்து மாறுகிறது.

2023 பிப்ரவரி 5

கண்ணால் பார்த்தது போதாது, எண் வேண்டும் என்றார் ஒருவர். நியாயம்.

உள்விட்டம் 7 செ.மீ. உள்ள பிவிசி குழாயில் 10 செ.மீ. வெட்டி, ஓரத்தை அரம் போட்டுக் கூராக்கிக்கொண்டேன். கொள்ளளவு 385 கன செ.மீ. தட்டின் மேல் மட்டம் வரை மண்ணை வழித்துவிட்டு, குழாயைப் பலகை வைத்து அடித்து இறக்கி, நிறைய எடுத்து, அடுப்பில் வாணலியில் ஈரம் போக வறுத்து நிறுத்தேன். (வாணலிக்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், தனி வாணலி வாங்கிவிடுங்கள்.)

உளி படாத லாரித் தடம்: 654 கிராம். அதாவது கன செ.மீ.க்கு 1.7 கிராம். இரண்டாம் உளியும் சணப்பும் துவரையும் பார்த்த இடம்: 601 கிராம், 1.56. வேப்பமரத்தடி வரப்பு: 520 கிராம், 1.35. எங்கள் மாதிரி மண்ணில் 1.6-ஐத் தாண்டினால் வேருக்குத் திணறல் தொடங்குகிறது, 1.7-இல் கிட்டத்தட்ட நிற்கிறது. வரப்பை எட்ட இன்னும் நெடுந்தூரம். ஒரே இடத்தில் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள், ஒரு சிறு கல் மாட்டினாலே எண் ஏறிவிடும்.

2023 ஆகஸ்ட் 20

"அப்போ உழவையே நிறுத்திடலாமே?"

ஒரு மா நிலத்தில் நிறுத்திப் பார்த்தேன். முதல் பட்டம் மோசம். செம்மண்ணை உழாமலும் மூடாமலும் விட்டால் மழை அடித்து ஆடை பிடித்து, விதை முளைவிட முடியாமல் வளைந்து கிடந்தது. பிரேசிலின் பரானாவில் 1972-இல் உழவை நிறுத்தத் தொடங்கியவர்கள் முந்தைய பயிரின் தாளை வயலிலேயே போர்வையாக விட்டார்கள், அதுதான் அந்த முறையின் உயிர். எங்களுக்கு வைக்கோல் மாட்டுக்கு. இல்லாவிட்டால் கட்டு போட்டு விலைக்கு. கடலைக்கொடியும் மாட்டுக்கு. மண்ணுக்கு என்று மிஞ்சுவது எதுவும் இல்லை. உழாமல் இருப்பதற்கு மனசு போதாது, மூடுவதற்குத் தாள் வேண்டும்.

இரண்டாம் பட்டத்தில் தென்னை மட்டையைத் துண்டு போட்டுப் பரப்பினேன். முளைப்பு தேறியது. மட்டையைத் தூக்கிப் பார்த்தால் மண்புழு எச்சம் உருண்டை உருண்டையாக இருக்கிறது. கடலைக்கு இது சரிவராது, எப்படியும் பிடுங்கும்போது மண் கிளறப்படும். துவரைக்கும் காய்கறிக்கும் சரி. ஆகவே என் வழி இப்போதைக்கு: வருஷத்துக்கு ஒரே உழவு, அதுவும் கொக்கிக் கலப்பையில், பதம் பார்த்து. ரோட்டவேட்டர் இல்லை. வண்டி எப்போதும் ஒரே தடத்தில்.

2023 ஆகஸ்ட் 21

ஒரே தடம் ஏன் என்கிறார்கள். மண்ணை இறுக்குவதில் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. கெட்ட தடத்தில் பத்தாம் முறை ஓடினால் நஷ்டம் கொஞ்சம், கெடாத இடத்தில் ஒருமுறை ஓடினால் நஷ்டம் அதிகம். அவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 28

முதலில் கேள்வி கேட்ட நண்பர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். 2022 கோடையில் அவரும் காய்ந்த மண்ணில் உளி போட்டு, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிர் விதைத்தவர். இந்த வருஷம் கடலை பிடுங்கும்போது கூப்பிட்டார். செடியைத் தூக்கினால் மண் உதிர்ந்து காய்க்கொத்து முழுசாக வந்தது. அவருடைய அம்மா ஒரு செடியை உதறிப் பார்த்து, "மம்மட்டி எடுக்காம வருதே" என்று இன்னொன்றைப் பிடுங்கினார், பிறகு இன்னொன்று.

குழி வெட்டினோம். தட்டு இன்னும் இருக்கிறது, உடைந்த ஓட்டுச் சில்லு போலத் துண்டு துண்டாக. ஒரு சில்லின் நடுவில் மண்புழு துளைத்த ஓட்டை, அதற்குள் வெள்ளையாக ஒரு கடலை வேர் நேராகக் கீழே போயிருந்தது.

வண்டி திரும்புகிற ஈசான மூலையில் மட்டும் கம்பி இறங்கவில்லை. அங்கே ஒரு வருஷம் எதுவும் போடாமல் கொளுஞ்சியும் ஆமணக்கும் விடச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அதே மூலைதான் பாக்கி.

2024 மே 6

நேற்று இரவு நல்ல மழை. காலையிலேயே டிராக்டர்காரத் தம்பி வாசலில் நின்றார், பக்கத்து வயல் எல்லாம் ஓடுகிறது. ஆறு அங்குலத்தில் எடுத்த மண் திரியாக நீண்டது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.